போர்தோ வைன் வட்டாரத்தை வரைபடத்தில் படிக்கும் முறை

பிரான்சின் போர்தோ புட்டிகளில் பெரும்பாலும் திராட்சை வகைக்குப் பதிலாக ஊர்ப்பெயரே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், வரைபடத்தில் கரோன், தோர்தோஞ் ஆறுகளையும், அவை கூடி அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி விரியும் ஜிரோந்து கழிமுகத்தையும் முதலில் கண்டறியுங்கள். கழிமுகத்தின் இடக்கரையான மெதோக் பகுதியில், மழைநீரை விரைந்து வடித்து வெயிலின் சூட்டைத் தேக்கிக்கொள்ளும் கூழாங்கல் நிலம் உள்ளதால், தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் திராட்சை அங்கே ஓங்கி நிற்கிறது. தோர்தோஞ் ஆற்றின் வலக்கரையில் பொமரோல் பகுதியின் குளிர்ந்த களிமண்ணுக்கு, முன்னதாகவே கனியும் மெர்லோ திராட்சை பொருந்துகிறது. விலையை அடிப்படையாகக் கொண்ட 1855ஆம் ஆண்டின் வைன் பண்ணைத் தரவரிசையை இதற்குப் பிறகு படித்தால் போதும்.

தெற்கிலுள்ள, இனிப்பு வைனுக்குப் பெயர்பெற்ற சொதெர்ன் பகுதியைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள்: இலையுதிர்காலத்தில் சிரோன் சிற்றாற்றின் குளிர்நீர் கரோனில் கலக்கையில் எழும் காலை மூடுபனி, செமியோன் திராட்சைப் பழங்களில் பூஞ்சையைப் படரச் செய்ய, பிற்பகல் வெயில் அவற்றை முழுதும் அழுகவிடாமல் சுருங்கவைத்து இனிப்பைச் செறிவாக்குகிறது.