ஆன்லைன் வகுப்பில் எல்லோரையும் பதில் சொல்ல வைக்க

ஆன்லைன் வகுப்பில் “புரிந்ததா?” என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கொடுத்து, பதிலைச் சாட்டில் டைப் செய்து வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள் என்று சொல்லி ஒரு நிமிடம் விடுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுவதால் முந்திக்கொள்கிற இரண்டு பேரைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடிக்க முடியாது (அந்த இரண்டு பேர் எல்லா வகுப்பிலும் உண்டு).

நான்கு விடைக் கேள்வி என்றால் வாக்கெடுப்பு வையுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் நேரடி வகுப்புக்குச் சொன்ன வழி இங்கேயும் பொருந்தும்: சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், விடையை உடைக்காமல் மூன்று நான்கு பேராகப் பிரேக்அவுட் அறைக்கு (அதே ஆன்லைன் வகுப்புக்குள் சிறு குழு தனியாகப் பேசும் அறை) அனுப்பி, பேசவிட்டு, மறுபடி வாக்கெடுப்பு. அதற்கும் கீழே போனால் நீங்கள்தான் திரும்ப விளக்க வேண்டும். அப்புறம், கேமராவைக் கட்டாயப்படுத்தாதீர்கள், நெட் மெதுவாக உள்ளவர்களுக்கு ஒலியும் சேர்ந்து போய்விடும்.