மலையில் மீட்புக் கோழிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்கழியில், எங்கள் பங்குக்கு மேலே பயிர் வைத்திருக்கும் தம்பதி நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்து கோழிக்கூட்டை நாலு பக்கமும் சுற்றி ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள். இடுக்குகளில் பழைய துணி வேறு. "குளிர்ல பாவம்க்கா" என்றாள் அந்தப் பெண். ஆறு வருடத்துக்கு முன்னால் அதே நிறத் தார்ப்பாயோடு, அதே பாவத்தோடு நான் நின்றிருந்தேன். அதுதான் இதை எழுத வைத்தது.

நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு ஏக்கர் சரிவை ஏழு வீட்டார் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து, பங்கு பிரித்துக் கேரட்டும் பீட்ரூட்டும் கோஸும் போடுகிறோம். கோழிகள் பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் 72, 80 வாரம் முட்டையிட்டு முடித்துக் கழிக்கப்பட்டவை. கறிக்கடைக்குப் போகிறவற்றில் சிலதை வாங்கி வந்துவிடுவோம். சேவல் ஒன்றே ஒன்று, நாட்டுச் சேவல், ஒன்பது வயது. தண்ணீர் வையுங்கள், ராத்திரி கதவைச் சாத்துங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கூட்டை இறுக்கி மூடுவது

நாமக்கல் வெயிலில் கம்பிக்கூண்டுக்குள் கிடந்த கோழி 2,000 மீட்டர் உயரத்தில் வந்து இறங்குகிறது. கழுத்திலும் முதுகிலும் இறகு இல்லை, கொண்டை வெளுத்துத் தொங்குகிறது. விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி. யாருக்கும் போர்த்திவிடத்தான் கை வரும். (எங்களில் ஒருவர் ஸ்வெட்டரே பின்னிப் போட்டார். நனைந்தால் காயாது, முளைக்கிற இறகை உரசும். கழற்றிவிட்டோம்.) நானும் காற்றுப் புகாமல் மூடிவிட்டு, பெரிய காரியம் செய்த நினைப்பில் வீட்டுக்குப் போனேன்.

ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் வரை தண்ணீர் குடிக்கிறது. அது மூச்சாகவும் எச்சமாகவும் வெளியே வந்தாக வேண்டும். எட்டுக் கோழியும் ஒரு சேவலும் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு, மூடிய கூட்டில் எங்கே போகும்? கூரைத் தகரத்தில் முட்டித் துளியாகத் திரண்டு கூளத்திலும் முதுகிலும் சொட்டும். நனைந்த எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். மூச்சுக்குழாய்க்குள் கிருமியை வெளியே தள்ளுகிற நுண்ணிய மயிர்களை அது கெடுத்துவிடும். அப்புறம் பண்ணையிலிருந்தே உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்த மைக்கோபிளாஸ்மா என்கிற சளிநோய்க் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி கூட்டுக்குள் குறட்டை மாதிரி ஒரு சத்தம். அசதியில் நன்றாகத் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் கண்ணில் நுரை, முகத்தில் வீக்கம். இரண்டு வாரத்தில் எட்டில் மூன்று போய்விட்டன. சேவலின் கொண்டை ஈரத்தோடு குளிரில் விறைத்து நுனியெல்லாம் கறுத்து உதிர்ந்தது. இன்றைக்கும் அவன் கொண்டை மழுங்கின ரம்பம் போலத்தான் இருக்கும். வந்து பார்த்த கால்நடை மருத்துவர், ஊசியை எடுப்பதற்கு முன்னால் தார்ப்பாயைக் கிழித்தார்.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி. படுக்கிற இடம் உலர்ந்திருந்து, மேலே நேராகக் காற்று அடிக்காமல் இருந்தால் நம்மூர்க் குளிரைச் சமாளித்துவிடும். ஆகவே கோழி அடைகிற உயரம் வரை பலகை அடித்து மூடுங்கள். அதற்கு மேலே, கூரைக்குக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் அரை அடி திறந்தே இருக்கட்டும். அந்தத் திறப்புக்கு வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) அடியுங்கள். சாதாரணக் கோழிவலையை மரநாய் பிய்த்துவிடும். ஐப்பசி மழைச் சாரல் உள்ளே வராதபடி கூரை விளிம்பை ஓரடி வெளியே நீட்டுங்கள். தரையில் அரை அடிக்கு ஆழ்கூளம்: நெல் உமியோ மர இழைப்புச் சுருளோ. நனைந்ததை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். காலையில் தகரத்தின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் திறப்பு போதவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது எங்கே என்றால், "நாத்தமே இல்லையேக்கா" என்பார்கள். கதவைத் திறந்து வைத்து, நின்றுகொண்டு மோந்தால் எப்படித் தெரியும்? உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கும் பழகிவிடும். விடிந்ததும், கதவைத் திறந்த கையோடு, கோழி உயரத்துக்குக் குத்தவைத்து மோந்து பார்க்க வேண்டும். மேல் பங்குத் தம்பதியை அப்படித்தான் காலை ஆறு மணிக்கு உட்கார வைத்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். தார்ப்பாய் இப்போது கோஸ் நாற்றங்கால் மேல் கிடக்கிறது.

மூடிய கூட்டுக்குள் கரி அடுப்பு வைக்கிறவர்களும் உண்டு. அறைக்குள் கரி மூட்டித் தூங்கி மனிதர்களே செத்த செய்திகள் இந்த மலையிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கின்றன. கோழி எம்மாத்திரம்?

இரும்புக் குழாயில் அடைய விடுவது

வேண்டாம், காலில் குளிர் ஏறும். அகலமான மரச்சட்டம் வையுங்கள்; விரலை வயிற்று இறகு மூட வேண்டும்.

வந்த அன்றே சேவலோடு விடுவது

இறகில்லாத முதுகில் சேவல் ஏறினால் கால்முள் சதையைக் கிழித்துவிடும். புதுக்கோழிகளை ஒரு மாதமாவது தோட்டத்தின் வேறு மூலையில் தனியாக வையுங்கள். நோய் இருந்தால் வெளியே தெரியவும் அந்த அவகாசம் வேண்டும். அங்கே போகிற செருப்போடு பழைய கூட்டுக்கு வராதீர்கள். வெள்ளைக் கழிச்சலுக்குக் கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் நடத்துகிற தடுப்பூசி முகாமை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பண்ணையில் அலகை வெட்டியிருப்பார்கள். தரையில் இறைத்த தானியத்தை அவற்றால் சரியாகக் கொத்தி எடுக்க முடியாது. ஆழமான கிண்ணத்தில் வையுங்கள். "தின்னவே மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த புகார்களில் பாதி இதுதான்.

சேவலுக்கும் லேயர் தீவனம்

ஒரே மூட்டை, ஒரே தொட்டி, எல்லோருக்கும் வசதி. ஆனால் முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காக 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். முட்டையிடாத சேவலுக்கு 1 சதவீதமே தாராளம். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், யூரிக் அமிலம் மூட்டில் சேரும், கிழவன் நொண்டுவான். எல்லோருக்கும் வளர்பருவத் தீவனம் போட்டு, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். தேவைப்படுகிற கோழி தானே போய்த் தின்னும், சேவல் சீண்டாது. இறகு முளைக்கிற சமயத்தில் புரதம் கூடுதலாக வேண்டும், இறகே முக்கால்வாசிக்கு மேல் புரதம்தான். நாங்கள் கருவாட்டுத் தலையை இடித்துப் போடுகிறோம், உப்பை அலசிவிட்டு.

பட்டர் ஃப்ரூட் (அவகாடோ)

தோல், கொட்டை, இலை எதுவும் கூடாது. பறவையின் இதயத்துக்கு விஷம். பச்சை ஏறின உருளைக்கிழங்கும் அப்படியே குப்பைக்கு.

தீவன மூட்டையைக் கூட்டிலேயே வைப்பது

விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கிற கரடிகள் இருக்கிற மாவட்டம் இது. கடலைப் பிண்ணாக்கு வாசம் அதற்குப் போதும்.

இன்றைக்கு யார் முறை?

ஏழு வீடு என்றால் ஏழு வீட்டாரும் தீனி போடுவார்கள், கூளம் அள்ள ஒருவரும் வர மாட்டார்கள். கதவில் சிலேட்டு மாட்டினோம். அதில் பெயர் எழுதுகிறவர் அன்றைக்கு மருந்தடிக்கிறவரிடமும் பேச வேண்டும். பக்கத்துப் பங்கில் பூச்சிமருந்து அடித்தால் கோழியைத் திறந்துவிடக் கூடாது.

கிழச் சேவலை இளசாக நினைப்பது

அடைகிற சட்டத்தை ஓரடி உயரத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டுச் சீழ் கட்டும். கால்முள் வளைந்து எதிர்க்காலைக் குத்துகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நுனியை மட்டும் அரத்தால் ராவுங்கள். உள்ளே ரத்த ஓட்டம் உண்டு.

கூவவில்லை என்று பதறுவது

பனிமூட்டமென்றால் எங்களுடையவன் எட்டு மணிக்குத்தான் கூவுவான்.