நம்பர் மாத்தாம கம்பெனி மாத்துறது எப்படி? (பழைய கம்பெனிகிட்ட ஆஃபர் கறக்குற வழியும் உண்டு)

பத்து வருஷமா ஒரே சிம் வச்சிருக்கீங்களா? அதுக்காக எந்த கம்பெனியும் உங்களுக்கு ஒரு ஜிபி கூட சும்மா தரமாட்டான். அவங்க போட்டியெல்லாம் புதுசா வர்றவனுக்கும், போயிடுவேன்னு மிரட்டுறவனுக்கும்தான். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து 2017 மார்ச் வரைக்கும் ஃப்ரீயா அள்ளிக் கொடுத்தப்போதான் மத்தவங்க டேட்டா ரேட்ட இறக்குனாங்க. அதே மாதிரி 2024 ஜூலைல ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூணு பேரும் ஒரே வாரத்துல ரேட்ட ஏத்துனதும் அந்த ஒரு மாசத்துல மட்டும் பிஎஸ்என்எல்லுக்கு 29 லட்சம் கனெக்ஷன் கூடுச்சு. இதுக்கு நம்ம கையில இருக்குற ஒரே ஆயுதம் போர்ட் பண்றது, அதாவது அதே நம்பரோட வேற கம்பெனிக்கு மாறுறது, நாடு முழுக்க 2011 ஜனவரில இருந்தே இருக்கு, ஆனா நிறைய பேர் கடைக்காரர் சொன்னாதான் யோசிக்கிறாங்க.

முதல்ல கணக்கு. பிளான் விலைய பாக்காதீங்க, நாளால வகுத்துப் பாருங்க. 2024ல ஜியோவோட தினம் ஒன்றரை ஜிபி தர்ற 239 ரூபா பிளான் 299 ஆனப்போ, 28 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு எட்டரை ரூபா இருந்தது பத்தே முக்காலுக்கு கிட்ட வந்துடுச்சு. இந்த 28 நாளே ஒரு தில்லாலங்கடி வேலைதான், வருஷத்துக்கு 12 ரீசார்ஜுக்கு பதிலா 13 பண்ண வைக்கிறாங்க (30 நாள் பிளான் ஒண்ணாவது வைக்கணும்னு போன் கம்பெனிகள கட்டுப்படுத்துற அரசு அமைப்பான டிராய் 2022ல சொன்னதுக்கப்புறம்தான் அது வந்துச்சு, ஆப்ல தேடித்தான் எடுக்கணும்). அதே ஒன்றரை ஜிபிக்கு அப்போ 84 நாள் பிளான் 799, நாளுக்கு ஒன்பதரை ரூபா. லாபம்தான், ஆனா தூண்டிலும் அதுதான், ஏன்னா போர்ட் பண்ணுனா மிச்ச நாளும் பேலன்ஸும் அம்போ. எங்க அம்மா நம்பருக்கு நானே 84 நாள் ரீசார்ஜ் போட்டுட்டு மூணாவது நாள் போர்ட் பண்ணேன், யாரையும் குத்தம் சொல்ல முடியாது, என் மரமண்டைதான் காரணம். அதனால பிளான் முடிய நாலஞ்சு நாள் இருக்கும்போது ஆரம்பிங்க. முடிஞ்சே போயிட்டாலும் பரவாயில்ல, பிளான் இல்லாட்டியும் போர்ட் மெசேஜ் போக விடணும்னு டிராய் 2021லயே உத்தரவு போட்டுருக்கு.

ரெண்டாவது சிக்னல், இதுதான் முக்கியம். விளம்பரத்த நம்பாதீங்க. போகப்போற கம்பெனி சிம் வச்சிருக்குற பக்கத்து வீட்டு அண்ணன கூப்பிட்டு, உங்க வீட்டு அடுப்படில நின்னு ஒரு கால் பேச சொல்லுங்க, படுக்குற ரூம்ல கதவ சாத்திட்டு ஒரு வீடியோ ஓட்ட சொல்லுங்க. சாயங்காலம் எட்டு மணிக்கு மேல பாருங்க, காலைல பறக்குற டேட்டா எல்லாரும் வீட்டுக்கு வந்தப்புறம் நொண்டும். எங்க வீட்டுல திண்ணைல நாலு கட்டை, அடுப்படில ஒண்ணுமே இல்ல, அம்மா நாள் பூரா இருக்குறது அடுப்படிலதான்.

இப்போ வேலைக்கு வருவோம். இங்கிலீஷ்ல போர்ட்னு டைப் பண்ணி, ஒரு ஸ்பேஸ் விட்டு, உங்க பத்து இலக்க நம்பர போட்டு 1900க்கு அனுப்புங்க. எட்டு எழுத்துல ஒரு கோட் வரும், தமிழ்நாட்டுல அது நாலு நாள்தான் செல்லும். இப்போதைய கம்பெனில 90 நாள் ஆகியிருக்கணும், போஸ்ட்பெய்டா இருந்தா பில் பாக்கி இருக்கக்கூடாது, சிம் தொலைஞ்சு புதுசு வாங்கி ஏழு நாள் ஆகலன்னாலும் கோட் வராது.

கோட் வந்ததும் உடனே கடைக்கு ஓடாதீங்க, ஒரு நாள் சும்மா இருங்க. எனக்கு மறுநாளே பழைய கம்பெனில இருந்து போன், "சார் ஏன் போறீங்க, என்ன பிரச்சனை"ன்னு அவ்வளவு பாசம், அதுவரைக்கும் ஆப்ல கண்லயே காட்டாத ஒரு பிளான எடுத்து நீட்டுனாங்க. எல்லாருக்கும் இந்த கால் வரும்னு இல்ல. வந்தா, சொன்ன ஆஃபர மெசேஜ்ல அனுப்ப சொல்லுங்க, வாய்ல சொல்றது செல்லாது. ஆனா அந்த கோட்ட மட்டும் போன்ல யார் கேட்டாலும் சொல்லாதீங்க, அது உங்க நம்பரோட சாவி, பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருது.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா ஆதாரோட புது கம்பெனி கடைக்கு போங்க. தமிழ்நாட்டுக்குள்ளயேன்னா மூணு வேலை நாள், வேற மாநிலம்னா அஞ்சு. மனசு மாறுனா 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல்னு போட்டு நம்பரோட அதே 1900க்கு அனுப்பலாம். பழைய சிம்ல சிக்னல் செத்ததும் புதுச போடுங்க, நடுவுல கொஞ்ச நேரம் ரெண்டுமே வேலை செய்யாது, அன்னைக்கு பணம் அனுப்புற வேலைய வச்சுக்காதீங்க. அப்புறம் 90 நாள் எங்கயும் நகர முடியாது, அந்த தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க.