கெண்டைக்கால் இறுக்கமா? யோகாவுக்கு நடுவே கப்பிங் செய்து பாருங்கள்

கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் குதிகால் தரைக்கு வரவே மாட்டேன் என்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்தால் கெண்டைக்கால் கயிறு மாதிரி இறுகிவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் இருந்த கருஞ்சிவப்பு வட்டங்கள் நினைவிருக்கிறதா, அது தோல் மேல் கப்பைக் கவிழ்த்து உறிஞ்ச வைக்கும் இந்தக் கப்பிங்கின் தடம்தான். மசாஜ் தசையை அமுக்குகிறது, கப் தோலையும் அதற்கடியில் இருப்பதையும் மேலே இழுக்கிறது.

வீட்டுக்கு அமுக்கினால் நசுங்கும் சிலிக்கோன் கப் போதும். நெருப்பு வைக்கும் கண்ணாடிக் கப்பையும், கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமாவையும் நீங்களாகத் தொடவே தொடாதீர்கள். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெரிகோஸ் வெயின் (காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டிருப்பது) உள்ளவர்கள், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் யாருக்கும் இது வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கப் வைக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

சரி, ஆரம்பிக்கலாம். முதலில் பத்து நிமிடம் மார்ஜாரி ஆசனம் (பூனை மாதிரி முதுகை வளைப்பது) மாதிரி லேசான அசைவுகள். அப்புறம் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, கெண்டைக்காலில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் குறைந்தால் கப் நகராமல் தோலைப் பிடித்து இழுக்கும், எரியும். கப்பைக் கொஞ்சமாக அமுக்கி, தோல் மேல் வைத்து, பிடியை விடுங்கள். உள்ளே தோல் குட்டி இட்லி மாதிரி லேசாக உப்பினால் போதும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான், பலமாக இழுத்தால் பலன் கூடும் என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். வலித்தால் கொஞ்சம் காற்றை உள்ளே விடுங்கள்.

இனி கணுக்காலுக்கு மேலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை, மூச்சை வெளியே விட்டபடி மெதுவாக ஐந்தாறு முறை நகர்த்துங்கள். முழங்காலின் பின்குழியிலும் எலும்பு மேலும் வேண்டாம். கடைசியாக, எங்கே இறுக்கம் அதிகமோ அங்கே இரண்டு நிமிடம் அப்படியே விட்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். எடுக்கும்போது பிடுங்கக் கூடாது. ஓரத்தை விரலால் அழுத்தினால் 'புஸ்' என்று தானாக விட்டுவிடும்.

உடனே அதோமுக ஸ்வானாசனம், முழங்கால்களை மாற்றி மாற்றி மடக்கியபடி. கால் இளகின மாதிரி இருக்கும், ஆனால் அந்த இளக்கம் கொஞ்ச நேரத்துக்குத்தான், அதை நம்பி அன்றைக்கே குதிகாலை வம்படியாக அழுத்தாதீர்கள். நிரந்தரமாக வளைந்து கொடுக்க வைப்பது தினசரிப் பயிற்சிதான். சவாசனத்தோடு முடியுங்கள். தடம் விழுந்தால் சில நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில் மறையும். அதுவரை அதே இடத்தில் கப் வைக்காதீர்கள். கப்பை சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள், அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம்.