நாள்பட நின்ற ஸ்போர்ட்ஸ் கார்: செல்ஃப் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையிலோ தென்காசிப் பக்கமோ, ஷெட்டுக்குள் கவர் போட்டு ஒரு போர்ஷே பாக்ஸ்டரோ மாஸ்டா எம்எக்ஸ்-5-ஓ ஒன்றிரண்டு வருஷமாக நிற்கும்; உடையவர் வெளிநாட்டில் இருப்பார். ஊருக்கு வந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கத்தான் கை போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள். நின்ற வண்டி பெரும்பாலும் சின்னக் கோளாறில்தான் படுத்திருக்கும். அது பெரிய செலவாவது அவசரத்தில் செல்ஃப் அடிக்கும்போதுதான்.

முதலில் கண்ணால்

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் தண்ணீர் புகுந்த இடங்களில் நின்ற வண்டியா? சீட் அடியிலும் கார்ப்பெட் அடியிலும் சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். ஆயில் குச்சியை உருவினால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? இருந்தால் செல்ஃப் பக்கமே போகக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடுத்து எலி. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து இன்ஜெக்டர், காயில் வயர்களைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் பாதி வண்டிகளில் கந்தலும் தேங்காய் நாரும் வரும். எலி இருந்த இடத்துக்குச் சாரைப்பாம்பும் வரும். தெரியாத இடத்தில் வெறுங்கையை விடாதீர்கள். சைலன்சர் குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டியிருந்தால் குச்சியால் தட்டி எடுங்கள்.

பேட்டரி

சார்ஜர் மாட்டும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 11.9-க்குக் கீழே என்றால் காலி. 10-க்கும் கீழே பல மாதம் கிடந்த பேட்டரி பெரும்பாலும் தேறாது. அதைச் சார்ஜ் ஏற்றி ஏற்றிப் பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே லாபம். சார்ஜ் ஏற்றுவதானால் பேட்டரியின் ஆம்பியர்-ஹவர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 70 என்று போட்டிருந்தால் 7 ஆம்பியர். ஏஜிஎம் வகைக்கு (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்த பேட்டரி), அந்த வகைக்கான செட்டிங் உள்ள சார்ஜர்தான் வேண்டும்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்பதே சில வண்டிகளில் புதிர். பழைய எம்எக்ஸ்-5-இல் டிக்கியில். பாக்ஸ்டரில் முன் டிக்கியில். பாக்ஸ்டரின் இரண்டாம் தலைமுறையான 987 வரிசையில் அந்த டிக்கி மூடி கரண்டில்தான் திறக்கும். பேட்டரி செத்துவிட்டால் உள்ளே கால் வைக்கும் இடத்துப் பக்கமுள்ள ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கும் சிவப்பு முனை ஒன்று உண்டு. இன்னொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதில் பாசிட்டிவ், கதவு மாட்டும் இரும்புக் கொக்கியில் நெகட்டிவ் கொடுத்து ரிமோட்டை அழுத்தினால் மூடி திறந்துகொள்ளும். இது மூடியைத் திறக்க மட்டும். அந்த முனை வழியாக செல்ஃப் அடிக்க முயலாதீர்கள்.

ஜம்ப் கொடுக்க டிப்பரையோ லாரியையோ கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவை 24 வோல்ட்; ஒரே நொடியில் ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போய்விடலாம். இன்னொரு 12 வோல்ட் கார் போதும். கறுப்பு வயரின் கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

இப்போது சாவி

பேட்டரி சரியான பிறகு செல்ஃப் அடித்து, காது கொடுத்துக் கேளுங்கள்.

சத்தமே இல்லை, ஆனால் டேஷ்போர்டு விளக்கு எரிகிறது: கிளட்சை முழுதாக மிதித்தீர்களா? ஆட்டோ கியர் ‘பி’-யில் இருக்கிறதா? இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) விளக்கு மினுங்கினால் ரிமோட்டின் பட்டன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

டக் டக் என்று மட்டும் கேட்கிறது: கோளாறு பேட்டரி டெர்மினலில், அல்லது பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் வயரில். திருச்செந்தூர், உவரி கடலோரத்தில் நின்ற வண்டிக்கு முதல் சந்தேகம் இதுதான். உப்புக் காற்றில் எர்த் பட்டை பச்சை பூத்துவிடும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில் வைத்து செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். அடிக்கும்போது பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குற்றம் பேட்டரியில்தான்.

ஒரே ஒரு ‘டொக்’கோடு நின்றுவிடுகிறது என்றால் நிறுத்துங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு இன்ஜின் தண்டின் முனையிலுள்ள கிராங்க் புல்லி போல்ட்டில் ராட்செட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

அதிகம் வருவது இதுதான், பெரும்பாலும் பெட்ரோல்தான் காரணம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அங்கிருந்துதான். கண்ணாடிப் பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, பெயின்ட் வார்னிஷ் வாடை அடித்தாலோ டேங்கைக் காலி செய்தே ஆக வேண்டும். மேலே புது பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்பது வீண் வேலை. ஷெட்டுக்கு வெளியே, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, இந்த வேலையைச் செய்யுங்கள்.

இக்னிஷனை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு நொடி ‘ம்ம்’ என்று பம்ப் சத்தம் வரும். சில வண்டிகளில் கதவைத் திறந்ததுமே வரும். வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, அப்புறம் பம்ப் சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா என்ற வரிசையில் போங்கள். கரண்ட் வந்தும் பம்ப் ஓடவில்லை என்றால் உள்ளே பிசின் பிடித்து இறுகியிருக்கும்.

ஒரு பிளக்கைக் கழற்றினால் மிச்சம் தெரிந்துவிடும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை, அல்லது செல்ஃப் அடித்து அடித்து பெட்ரோல் அளவுக்கு மேல் நிரம்பிவிட்டது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். காற்று மட்டும் போய்க் காய்ந்துவிடும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிஷம் ஆற விடுங்கள்.

வண்டியின் கோளாறுக் கோடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் ‘யு’ என்று தொடங்கும் கோடுகள் கும்பலாக வந்தால் பயப்பட வேண்டாம், வோல்டேஜ் குறைந்ததால் வந்தவையாக இருக்கும். அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் சுழியமாகவே நின்றால் இன்ஜின் சுற்றுவதை அறியும் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் சந்தேகிக்கலாம்.

பிடித்த பிறகு

பிடித்து இரண்டு நொடியில் அணைந்தால் இம்மொபிலைசர், அல்லது எலி கடித்த வேக்யூம் ட்யூப். நின்று ஓடினால் ஆயில் விளக்கு சில நொடிக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே ஆஃப். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரி. நாங்குநேரி நான்குவழிச் சாலைக்கு ஏறும் முன், தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி பிரேக் பிடிக்கிறதா என்று நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். டயர் ஓரத்தில் அச்சிட்ட நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு தயாரித்த வருஷம். பட்டன் தேயாமலே பத்து வருஷமான டயர் அதிவேகத்தில் பிய்த்துக்கொண்டு போகலாம், மாற்றிவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும்.