கிறிஸ்துமஸ் ஸ்டார், குடில், மரம்: எந்த நாளில் வைப்பது, எப்போது எடுப்பது?

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த வீடுகளில் முதல் டிசம்பரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அம்மா வீட்டில் பரணிலிருந்து பெட்டி தானாக இறங்கும், ஸ்டார் தானாக ஏறும். இப்போது நாள் குறிக்க வேண்டியது நாம். கடைத்தெருவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தீபாவளிச் சரக்கு தீர்ந்ததுமே பாரிமுனையில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். கோயில் காலண்டரைப் பாருங்கள், அதில் எல்லாம் இருக்கிறது.

இங்கே சொல்வது நம் ஊர் கத்தோலிக்க வீட்டு வழக்கம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளிலும் ஸ்டாரும் மரமும் ஏறக்குறைய இதே நாட்களில்தான், இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரியான குடிலில் சுரூபம் (சிலை) வைப்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். பெந்தெகொஸ்தே குடும்பங்களில் பலர் அலங்காரமே செய்வதில்லை.

படி 1: ஸ்டார்

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மாலை ஏற்றுங்கள். நவம்பர் 30, அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறு அது. எந்த வருடமும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில்தான் விழும். 2026-இல் நவம்பர் 29.

பருவமழை அப்போது முடிந்திருக்காது. பேப்பர் ஸ்டார் என்றால் சாரல் அடிக்காத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள், மொட்டை மாடிக்குப் பிளாஸ்டிக் ஸ்டார்தான் சரி. ஸ்டாரின் கனம் நைலான் கயிற்றில் நிற்க வேண்டும், ஒயரில் அல்ல. ஒயர் இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். உள்ளே பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு வேண்டாம்: பேர்தான் ஜீரோ, தொட்டால் சுடும். சின்ன எல்இடி போதும்.

அந்த வருடம் வீட்டில் சாவு விழுந்திருந்தால் ஸ்டார் கட்டாத குடும்பங்கள் உண்டு. பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: புல்

குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டுமென்றால் டிசம்பர் 13, 14 வாக்கில் கேழ்வரகு விதைத்துவிடுங்கள். ஆர்வக்கோளாறில் மாதத் தொடக்கத்திலேயே விதைத்தால் கிறிஸ்துமஸுக்குள் வளர்ந்து, மஞ்சளாகி, சாய்ந்துவிடும்.

முழுக் கேழ்வரகை இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். வெள்ளை முளை ஊசி முனையாக எட்டிப் பார்க்கும். அடியில் துளையிட்ட தட்டில் இரண்டு விரல் உயரம் மண் பரப்பி, மண்ணே தெரியாத அளவு நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், கையால் தெளியுங்கள்; ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பச்சை தெரிந்ததும் வெளிச்சம் படும் இடத்துக்கு மாற்றுங்கள், வெயிலில் வேண்டாம். பத்து நாளில் குடிலுக்கு அளவான உயரம் வந்துவிடும்.

படி 3: குடில்

டிசம்பர் 17 நல்ல நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சிறப்பு நாட்கள் வழிபாட்டில் அன்றுதான் தொடங்குகின்றன. பங்கில் (உங்கள் கோயில் வட்டாரத்தில்) குடில் போட்டி இருந்தால் நடுவர்கள் வரும் தேதியை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டி அல்லது மூங்கில் குச்சியில் கொட்டகை, மேலே வைக்கோல். பாறைக்குக் காலி சிமெண்ட் பையின் காகிதத்தை உதறி, கசக்கி, மைதா பசையில் முக்கிக் காயவிடுங்கள். விறைத்து நிற்கும், பிறகு வண்ணம் தெளிக்கலாம். பெரிய ஆடுகளை முன்னாலும் சின்ன ஆடுகளைப் பின்னாலும் வைத்தால் மலை தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். உள்ளே மெழுகுதிரி ஏற்றவே கூடாது, வைக்கோலுக்கு ஒரு பொறி போதும். சீரியல் செட்டையும் வைக்கோலுக்குள் புதைக்காமல் ஓரமாக ஓட்டுங்கள்.

முன்னணை (பாலன் இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டி) காலியாகவே இருக்கட்டும். பாலனைக் காண வந்த மூன்று ராஜாக்களும் இப்போதே உள்ளே வரக் கூடாது. டிவி ஸ்டாண்டின் மேலோ ஜன்னல் திட்டிலோ நிறுத்துங்கள், அங்கிருந்து அவர்கள் நடந்து வரட்டும். 1223-இல் பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சோவில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாடும் கழுதையும் வைக்கோலுமாகத்தான் வைத்தார். ஆகையால் சுரூப செட் முழுசாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

படி 4: மரம்

பிளாஸ்டிக் மரத்தைக் குடிலோடு சேர்த்தே வைக்கலாம். சவுக்குக் கிளை என்றால் 22-க்கு முன் வெட்ட வேண்டாம். ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டாலும் சில நாளில் காய்ந்து கொட்ட ஆரம்பிக்கும்.

படி 5: பாலன்

24-ஆம் தேதி சாமப்பூசை (நள்ளிரவுத் திருப்பலி) முடிந்து வந்ததும் வீட்டின் கடைக்குட்டி கையால் பாலன் சுரூபத்தை முன்னணையில் வையுங்கள். பிள்ளை தூங்கிவிட்டால் காலையில்.

படி 6: எடுப்பது

புதுவருடம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் கழற்றுவதுதான் பலர் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராஜாக்கள் இன்னும் வந்தே சேரவில்லையே! மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. இந்தியாவில் கத்தோலிக்கக் கோயில்களில் அதை ஒட்டிய ஞாயிறன்று கொண்டாடுகிறோம், 2027-இல் ஜனவரி 3. கிறிஸ்துமஸுக்குப் பிறகு பிள்ளைகள் தினமும் ராஜாக்களை ஒரு சாண் நகர்த்தி, அன்று குடிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

கிறிஸ்து பிறப்புக் காலம் முடிவது அதற்கடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவில். 2027-இல் ஜனவரி 10. அன்று மாலை ஸ்டாரை அணைத்து இறக்குங்கள். போகிக்கு முன் வீடு ஒழிக்கும் வேலையும் இதோடு முடியும். போலந்து போன்ற நாடுகளில் பிப்ரவரி 2 வரை வைத்திருக்கும் வழக்கம் உண்டு, நம் ஊர் வைக்கோலுக்கு அத்தனை நாள் தாங்காது. சவுக்குக் கிளை மட்டும் விதிவிலக்கு: தொட்டதும் கொட்டினால் புதுவருடத்தன்றே வெளியேற்றுங்கள்.

கட்டி வைக்கும்போது வைக்கோலைப் பெட்டியில் போடாதீர்கள், எலி தேடி வரும். மாட்டுக்குக் கொடுத்துவிடலாம், ஆனால் அதில் மினுமினுப்புத் தூளோ சாயமோ ஒட்டியிருந்தால் கொடுக்கக் கூடாது. சுரூபங்களைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள், செய்தித்தாள் மை வெள்ளை ஆட்டில் ஒட்டும். சீரியல் செட்டை எரியவிட்டுப் பார்த்த பிறகே அட்டையில் சுற்றுங்கள். பாலனைத் தனி டப்பாவில் போட்டு, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மேலே மார்க்கரில் எழுதிவிடுங்கள். 24-ஆம் தேதி ராத்திரி தேடுவது அதைத்தான்.