மெழுகுச்சீலை: பூசாதீர்கள், முக்கி எடுங்கள்

மெழுகுச்சீலை என்பது லினன் (ஆளிநார்) துணியில் தேன்மெழுகு ஏற்றிச் செய்வது; அந்தக் காலத்தில் சடலத்தைச் சுற்றவும், தேவாலயத்தில் பீடக்கல்லின்மேல் விரிக்கவும் பயன்பட்டது. புதிதாக இதைச் செய்ய வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையைச் சுட்டுக்கொள்வது, தரையில் கொட்டுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். பழகினாலும் சரியாகாத தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறோம்.

தூரிகையால் பூசுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மேசையில் லினனை விரித்து, உருகிய மெழுகைத் தூரிகையால் இழுக்கிறார்கள். வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். முதல் மடிப்பிலேயே வெடித்து, செதில் செதிலாக உதிரும். நல்ல லினனும் போச்சு, மெழுகும் போச்சு.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். குளிர்ந்த துணியில் பட்டதும் அந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கி, நூலுக்குள் போகுமுன்பே மேலேயே உறைந்துவிடுகிறது. புதுத்துணியில் கஞ்சி இருந்தாலும், லேசான ஈரம் இருந்தாலும் இதே கதிதான்.

வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகே அளவெடுத்து வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால், சுருங்கிப்போய் பீடத்துக்கு எட்டாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். 75 முதல் 80 டிகிரி போதும். 85-ஐத் தாண்டினால் நிறம் கறுக்கத் தொடங்கும். துணியின் எடைக்கு ஏறக்குறைய சமமான மெழுகைத் துணி குடிக்கும். முக்குவதற்கு அதைப்போல் மூன்று மடங்காவது உருக்கவேண்டும்.

முழுதாக முக்கியதும் துணியிலிருந்து குமிழி கிளம்பும். அது நிற்கும்வரை எடுக்காதீர்கள். பிறகு கொடியில் போட்டு வடியவிடுங்கள். உறைந்ததும், அதே அளவுள்ள இரண்டு வெறும் லினன்களுக்கு நடுவே வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மிஞ்சிய மெழுகு மேலும் கீழும் இறங்கி, மூன்று சீலையாகக் கிடைக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: சீராக ஒளி ஊடுருவி, நெசவு தெரியவேண்டும். வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் அங்கே மெழுகு இறங்கவில்லை, திரும்ப முக்குங்கள்.

சடலத்துக்குச் சுற்றியவர்களும் மேற்பூச்சை மட்டும் நம்பவில்லை. 1649-இல் தலை வெட்டப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் சவப்பெட்டியை 1813-இல் வின்ட்சரில் திறந்தார்கள். சீலையின் மடிப்புகளுக்குள் பிசின் கலந்த கொழுப்பு உருக்கி ஊற்றப்பட்டிருந்தது. காற்றைத் தடுக்கத்தான். சீலை உரிக்கவே வராமல் ஒட்டிக்கிடந்தது. கொழுப்பு புகுந்த இடத்தில் மட்டும் சுலபமாகப் பிரிந்தது. முகத்தின் அச்சு அந்தக் கொழுப்பில் அப்படியே பதிந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே துணி

1774-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் கல்லறையைத் திறந்தபோது, வெளியே இருந்தது அடிப்பக்கம் மெழுகிட்ட முரட்டு லினன். உடலோடு ஒட்டியிருந்ததோ மிக மெல்லிய மெழுகுச்சீலை. கைவிரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை. முரட்டுத்துணியை விரலில் அப்படிச் சுற்ற முடியாது. மாதிரி செய்து பார்க்கிறவர்கள் இரண்டு கனத்திலும் துணி எடுங்கள்.

மிச்ச மெழுகுவர்த்திகளை அப்படியே உருக்குவது

இன்றைய மெழுகுவர்த்திகளில் பெரும்பாலும் பாரஃபின். குளிரில் விறைத்து விரிசல் விடும். ஒரு துண்டை விரலிடையே பிசையுங்கள்: தேன்மெழுகு இளகும், பாரஃபின் பொடியும்.

பீடத்தில் மாற்றி விரிப்பது

ஒரு பக்கம் மட்டும் மெழுகிட்ட சீலையானால், மெழுகுப் பக்கம் கல்லைப் பார்க்கவேண்டும். பீடத்தை நேர்ந்தளிக்கும்போது பூசும் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலமும் கல்லின் ஈரமும் மேல்துணிகளில் ஏறாமல் தடுக்கத்தான் இது. அளவு பீடத்தின் மேற்கல்லோடு கச்சிதம், ஓரத்தில் தொங்கக்கூடாது. பழைய ரோமன் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் கேட்கும் மூன்று துணிகளில் இதை ஒன்றாக எண்ணாதீர்கள். அந்த மூன்றுக்கும் கீழே இது தனி. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று பீடத்தை வெறுமையாக்கும்போது இதையும் எடுக்கவேண்டும்.

மடித்து வைப்பது

சுருட்டி வையுங்கள்.